ஹெரால்டின் டிரனியன் எங்கே கிடைக்கும்?

வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்றொரு கார் ஆலை இருந்தது. வான்கார்டு, ஹெரால்டு, கெஸல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். கடைசியாக 1985ல் வந்தது ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் பாடியில் பழைய வான்கார்டு காலத்து எஞ்சினைப் பொருத்திய வண்டி அது. மூன்றே வருடத்தில், 1988ல், அதன் கதை முடிந்தது. ஆலையை 2006ல் இடித்தார்கள். மிச்சமிருந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டு போனது. இங்கிலாந்தில் லிங்கன் நகருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பழைய பிரிட்டிஷ் கார்களுக்குச் சாமான் விற்பவர்கள் அவர்கள். இன்று சென்னையில் ஒருவர் ஸ்டாண்டர்ட் 2000ஐச் சீர்செய்ய உட்கார்ந்தால், ஒரு காலத்தில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்த சாமானையே லிங்கனிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் பழைய கார் சாமான் வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. வண்டி எந்த ஊரில் செய்தது, எத்தனை வருடப் பழசு என்பதெல்லாம் பிறகு. அதே சாமானைப் போட்டு ஓடும் வண்டிகள் உலகத்தில் இன்னும் எத்தனை இருக்கின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் செலவழிக்கத் தயாராக இருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சொந்தபந்தம் நிறைய உள்ள வீட்டில் கல்யாணச் செலவு தானாக நடந்துவிடும், ஒண்டிக்கட்டைக்கு எல்லாம் கைக்காசு. கார்களும் அப்படியே. அதனால் பழைய காரைக் கையில் எடுப்பவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அந்த வண்டியின் வம்சாவளியைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் இதை எளிதாகப் புரியவைப்பது அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சில் கொல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை செய்தார்கள். பெட்ரோல் அம்பாசடரில் பல காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி வரிசையைச் சேர்ந்தது. அதே அளவு எஞ்சின்தான் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும், ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும். எம்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், செலவுக்கு அஞ்சாதவர்கள். அதனால் பி வரிசைக்கு கேஸ்கெட்டோ டைமிங் செயினோ கிடைக்காமல் போகாது. கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருக்கும் ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்து அம்பாசடர் சாமான் வாங்கி ஓட்டியிருக்கிறார்கள்.

பிரீமியர் பத்மினியை நிலைநிறுத்தியது டாக்ஸி. ஃபியட் 1100 வழியில் வந்த, 1089 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த வண்டியின் உற்பத்தி மும்பை குர்லாவில் 2000ஐ ஒட்டி நின்றுபோனது. ஆனாலும் பத்மினி டாக்ஸிகள் மும்பையில் ஓடிக்கொண்டிருந்தவரை கிளட்ச் பிளேட்டும் வாட்டர் பம்பும் சின்னச் சின்னப் பட்டறைகளில் புதிதாகத் தயாராகிக்கொண்டே இருந்தன. 2023 அக்டோபர் கடைசியில், வயது வரம்பு முடிந்து, கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையை விட்டு இறங்கியது. தினம் 100 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் அழகுக் காருக்கு ஒரு பிளேட் ஆயுளுக்கும் போதும். பத்மினி வைத்திருப்பவர்கள் இப்போதே ஒரு செட் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கொல்கத்தாவில் மஞ்சள் அம்பாசடர்களும் 15 வருட வரம்பு வந்து ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இனி ஹெரால்டு. பாதி உறவும் பாதி அநாதையுமாக இருக்கும் வண்டி என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

டிரயம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959ல் வந்தது. வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒன்றான மோனோகாக் பக்கம் போன காலத்தில், இது தனி சேஸிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் கார். பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டுகளும் கூடவே எழும்பி, எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மெக்கானிக் முதுகு வளையாமல் வேலை பார்க்கலாம். சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போக, நம்முடையது மட்டும் கடைசிவரை 948 சி.சி.யிலேயே நின்றது.

அந்த எஞ்சினின் வம்சம் பெரிது. ஸ்டாண்டர்ட் எய்ட் காரின் 803 சி.சி.யில் தொடங்கி ஹெரால்டு, டிரயம்ஃபின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயர் வழியாக 1493 சி.சி. வரை வளர்ந்து, எம்.ஜி. மிட்ஜெட் 1500 வரை போனது. சேஸிஸும் அப்படியே. ஸ்பிட்ஃபயர், விடெஸ், ஜி.டி.6 ஆகியவை ஹெரால்டின் எலும்புக்கூட்டிலிருந்து கிளைத்தவை. இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று 1977ல் தொடங்கிய சங்கம் ஒன்று இந்தக் குடும்பத்துக்காகவே இன்றும் நடக்கிறது.

முன் சஸ்பென்ஷனில் டிரனியன் என்றொரு சாமான் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறி உட்காரும் பித்தளை நிறக் கட்டைதான் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலும். ஆயில் போடாமல் விட்டால் தண்ணீர் புகுந்து இரும்புத் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். இதற்குப் போட வேண்டியது இ.பி.90 கியர் ஆயில். நம் ஊரில் சர்வீஸ் என்றாலே கிரீஸ் கன்னை எடுத்து எல்லா நிப்பிளிலும் அடித்துவிடும் பழக்கம் இருப்பதால் பல ஹெரால்டுகளில் இங்கேயும் கிரீஸே ஏறியிருக்கும். நாளாக ஆக கிரீஸ் கெட்டிப்பட்டு மரையின் இடுக்குகளுக்குப் போய்ச் சேராது. ஹெரால்டு வாங்கினால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசை, மாற்றிப் போட முடியாது.

நல்ல செய்தி, இந்த டிரனியன் புதிதாகவே கிடைக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புதான். போதாததற்கு, லோட்டஸ் கம்பெனியும் தன் எலான் காருக்கு டிரயம்ஃபின் இதே முன் தண்டைத்தான் எடுத்துக்கொண்டது. லோட்டஸ் எலான் எவ்வளவு விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு, டிரனியன் ஏன் உற்பத்தியில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். மயிலாப்பூர் மாமா ஒருவர் ஆபீசுக்கு ஓட்டிப்போன ஹெரால்டின் முன் சக்கரத்தை இன்று பணக்கார ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் மறைமுகமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அநாதைப் பாதி பாடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஹெரால்டில் நான்கு கதவு சலூன் கிடையாது. இரண்டு கதவு சலூன், கூபே, கன்வெர்ட்டிபிள், எஸ்டேட், சின்ன வேன், அவ்வளவுதான். நான்கு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் சென்னையில் செய்த காரியம். பின் கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் எதற்கும் உலகத்தில் வேறு எங்கும் ஜோடி கிடையாது. 1972ல் வந்த கெஸல் இன்னும் தனி. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு நம் சாலைகளிலும் நம் மெக்கானிக்குகளிடமும் நல்ல பெயர் எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டு ஒரே தண்டாக லைவ் ஆக்ஸில் போட்டார்கள். ஓட்ட நல்ல மாற்றம்தான். சாமான் தேடுகிறவருக்கோ அந்த ஆக்ஸில் வழியாக இங்கிலாந்து உறவு அறுந்தது. 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் வந்த காருக்கு கிரில், பம்பர் எல்லாம் இன்னொரு கெஸலிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

வம்சாவளி பார்ப்பதில் ஒரு பொறியும் உண்டு. மோரிஸ் மைனர் 1000 காரின் ஒரு காலத்து எஞ்சினும் 948 சி.சி.தான். கடையில் போய் "948 பிஸ்டன்" என்று கேட்டால் அதை எடுத்து நீட்டுவார்கள். ஹெரால்டின் சிலிண்டர் போர், அதாவது உள்விட்டம், 63 மில்லிமீட்டர், மைனருடையது 62.94. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இவை இரண்டு வெவ்வேறு கம்பெனிகள் வரைந்த, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எஞ்சின்கள். பிஸ்டன் பின் உயரம் முதல் எதுவும் ஒத்துவராது. இதனால்தான் கார் பெயரையோ சி.சி.யையோ சொல்லிச் சாமான் கேட்கக் கூடாது, பார்ட் நம்பர் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறேன். கம்பெனி வெளியிட்ட பார்ட்ஸ் கேட்டலாக் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதில் ஒவ்வொரு சாமானையும் பிரித்துப் பரப்பி வரைந்து எண் போட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் கார்களுக்கு இந்தக் கேட்டலாக்குகளும் சர்வீஸ் கையேடுகளும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கார் பெயரே வேண்டாம். பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண் உலகப் பொது. அதைச் சொன்னால் மோட்டார் பம்ப் சாமான் விற்பவர்கூட எடுத்துத் தருவார். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். லூகாஸ் கம்பெனியின் டைனமோ, டெல்கோ என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டர், செல்ஃப் மோட்டார் வகையறாக்களைச் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960களிலேயே செய்யத் தொடங்கியதால், பல மின்சாமான்கள் பிராண்ட் தாண்டிப் பொருந்தும். டெல்கோவில் பாயிண்ட் இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு என்பது பழைய மெக்கானிக்குகளுக்கு ஊர்ப்பெயர் மாதிரி வாயில் வரும்.

சரி, எங்கே போய்த் தேடுவது? சென்னையில் புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதுப்பேட்டையில் ஹெரால்டு உடைபட்ட காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது அங்கே குவிந்து கிடப்பது மாருதியும் இண்டிகாவும்தான். என் கணிப்பில் சின்ன ஊர்களின் பழைய மோட்டார் ஸ்பேர்ஸ் கடைகள்தான் இன்னும் வற்றாத இடம். அப்பா காலத்தில் வாங்கி விற்காமல் போன சரக்கை மகன் மேல் தட்டில் போட்டு வைத்திருப்பார். என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கடையில் பார்ட் நம்பர் எழுதிய காகிதம், வெர்னியர் காலிபர், பழைய சாமான் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், டீ சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்றதும் மயங்கிவிடவும் கூடாது. இரும்பு, பித்தளைச் சாமான் என்றால் தாராளமாக வாங்கலாம், இன்றைய நகலைவிட நன்றாகவே இருக்கும். ரப்பர் வேறு. 50 வருடம் பெட்டியிலேயே கிடந்த பிரேக் கப் பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும், மிதித்த சில நாளில் கசியும். இக்னிஷன் கண்டென்சரும் வைத்திருந்தே கெட்டுப்போகும் ஜாதி. போதாததற்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் கால ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் இவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக், பெட்ரோல் இரண்டு பாதையிலும் உள்ள ரப்பரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு புதிதாகவே வாங்க வேண்டும்.

கிடைக்காததைச் செய்துகொள்ளலாம், அதற்குத் தமிழ்நாடு வசதியான இடம். கோயம்புத்தூரில் ஃபவுண்டரியும் லேத்தும் தெருவுக்குத் தெரு. புஷ், ஷாஃப்ட், பின் மாதிரியான உருளைச் சாமான் எதையும் நல்ல டர்னர் ஒருவர் ஒரே நாளில் கடைந்து கொடுத்துவிடுவார். வார்ப்படச் சாமானுக்குப் பழையதையே மாதிரியாக வைத்து மணலில் அச்சு எடுத்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சாமான் ஒரு சுற்றுச் சிறிதாக வரும். சுருக்கத்துக்கு இடம் விட்டுத் தனியாகப் பேட்டர்ன் செய்யச் சொல்ல வேண்டும். கதவுக் கைப்பிடி, பேட்ஜ் போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குரோம் கொப்புளம் விட்டு உள்ளே குழி விழுந்துவிட்டால் பாலிஷ் போடப் போட இன்னும் குழி தெரியும், இருப்பதே கரையும். அதைப் பித்தளையில் புதிதாக வார்த்துக் குரோம் ஏற்றுவது மேல்.

ரப்பர் பீடிங்கில்தான் தனி ஆளாகச் சமாளிக்க முடியாது. டை எனும் அச்சு ஒன்று செய்ய ஆகும் செலவு ஒரு காருக்கும் அதேதான், 40 காருக்கும் அதேதான். இங்கேதான் சங்கங்கள் உதவுகின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்றவற்றைப் பலரும் ஊர்வலமும் கண்காட்சியும் நடத்தும் அமைப்பு என்றே நினைக்கிறார்கள். எனக்கு அவற்றின் பெரிய பயன் வேறு இடத்தில் தெரிகிறது. ஒரே சாமான் வேண்டிய பத்துப் பேரை அங்கே ஒரே இடத்தில் பிடிக்கலாம். எந்த டிங்கர் பட்டியை அப்பாமல் தகட்டிலேயே வேலை பார்ப்பவர், எந்தப் பட்டறைக்குப் போகக் கூடாது என்ற ரகசியமும் அங்கேதான் கிடைக்கும்.

மெக்கானிக் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைச் சொல்லலாம். 1990ல் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்குப் பெட்ரோல் தடையானபோது, அங்கே மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் வைத்த கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் காட்டி எஞ்சினைக் கிளப்புவார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கின. ஃபெர்குசன் டிராக்டரில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே ஒரு மாடல் இருந்ததும் இதே தத்துவத்தில்தான். அந்த டிராக்டரில் இருந்தது வான்கார்டு எஞ்சின். வான்கார்டிலிருந்து டிரயம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்கு 1991 சி.சி. அளவில் போனதும், நம் ஸ்டாண்டர்ட் 2000ல் அதே 1991 சி.சி.யாக வந்து உட்கார்ந்ததும் அதே வழி எஞ்சின். சிலிண்டரைக் கழற்றி மாற்றும் வெட் லைனர் அமைப்பு அதற்கு. சிலிண்டர் போர் தேய்ந்தால் பிளாக்கைக் கடைய வேண்டாம், லைனரை மாற்றினால் போதும். யாரும் சீந்தாத ஸ்டாண்டர்ட் 2000க்கு எஞ்சின் பக்கத்தில் இவ்வளவு பெரிய உறவு இருப்பது அதை வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

எஞ்சின் என்றதும் சட்டம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் வி.ஏ. எழுத்துகள் வரும், தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்ரோல் விலைக்குப் பயந்து டாட்ஜிலும் பிளிமத்திலும் டீசல் எஞ்சினை இறக்கிய தலைமுறை ஒன்று இங்கே இருந்ததே, அந்த வண்டிகளுக்கு இது சிக்கல். மூல எஞ்சினைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணோடு ஒத்துவர வேண்டும். வாங்குவதற்கு முன் ஆர்.சி.யையும் பிளாக்கில் அடித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் ஜாம் ஆகிக் கிடக்கும், ஆனால் கிரில், கண்ணாடி, கைப்பிடி, பீடிங் ஃபிரேம் எல்லாம் குறையில்லாமல் இருக்கும் ஹெரால்டும், சாவி போட்டால் ஓடுகிற, பின் கதவுக் கண்ணாடியும் பம்பரும் இல்லாத ஹெரால்டும் ஒரே விலைக்கு வந்தால், நான் ஜாம் ஆனதைத்தான் எடுப்பேன். ஜாம் ஆன எஞ்சினைப் பிரித்து, போரை ஒரு ஓவர்சைஸ் ஏற்றி, கிராங்க் கிரைண்டிங் பண்ணி, ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் புண்ணியத்தில் கேஸ்கெட் செட்டும் வாங்கி ஓடவைத்துவிடலாம். அந்தப் பின் கதவுக் கண்ணாடிக்கு இன்னொரு நான்கு கதவு ஹெரால்டு எங்காவது செத்தாக வேண்டும்.